படகில் உலை வைத்தது யார்?

ஐந்தருவிக்குப் போகிற வழியில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. சீசன் வந்தால் அங்கே படகு விடுவார்கள். காலால் மிதித்து ஓட்டுகிற படகு. அரை மணி நேரத்தில் முழங்கால் வலிக்கும், மனசு லேசாகும். போன சீசனில் சாரலில் நனைந்துகொண்டே மிதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படகில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஏழெட்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

அந்தப் பெண் திடீரென்று கேட்டது:

"ஏம்ப்பா, ராத்திரி பூரா போட்லயே இருந்தா சோறு எப்படிப்பா பொங்குவாங்க?"

"பார்டர்ல பரோட்டா பார்சல் வாங்கிட்டு ஏற வேண்டியதுதாம்மா!"

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். பிரானூர் பார்டரின் பரோட்டாவும் கோழியும் தெரிந்த யாரும் சிரிப்பார்கள். ஆனால், கரைக்கு வந்து செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. கேள்வி கேட்ட குழந்தைக்கு யாருமே பதில் சொல்லவில்லை.

இத்தனை வருஷமாகக் கடல் கதைகள் படித்திருக்கிறேன், கடல் படங்கள் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை நான் ஒருமுறையாவது கேட்டிருக்கிறேனா? நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? படகில் காதல் பார்த்திருக்கிறோம். பாட்டு, புயல், சாவு எல்லாம் பார்த்திருக்கிறோம். உலை கொதித்துப் பார்த்திருக்கிறோமா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில புத்தகங்களையும் படங்களையும் திரும்பப் பார்க்கலாம் என்று தோன்றியது. குற்றாலத்தில் உட்கார்ந்து இதை யோசிப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் இது. ராஜாஜியும் கல்கியும் தேடி வந்த வீடு அவருடையது. அங்கே கவிதையும் பரிமாறப்பட்டது, சாப்பாடும் பரிமாறப்பட்டது. சுவை என்ற ஒரே வார்த்தையை இரண்டுக்கும் சேர்த்து வைத்திருக்கிற மொழி நம்முடையது. ஆகவே, இலக்கிய விமர்சனத்தில் சோற்றுப் பானையைக் கொண்டுவந்து வைக்கிறானே என்று கோபிக்காதீர்கள். ஊர் அப்படி!

*

முதலில் அளவுகோல் வேண்டும். அது அன்றைக்குச் சாயங்காலமே ஒரு டீக்கடையில் கிடைத்தது.

பேரருவியில் குளித்துவிட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். பேச்சில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை. தூத்தூர் பக்கமாம். ஆழ்கடலில் சூரைக்கும் சுறாவுக்கும் போகிறவர்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அந்தக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், வேனைப் பிடித்துக் குற்றாலம் வந்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். "இவருதான் எங்க போட்டுக்கு அம்மா" என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். சமையல் அவர் பொறுப்பு.

விடுவேனா? இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்து, குழந்தையின் கேள்வியை அவரிடம் கேட்டேன்.

"மொதல்ல தண்ணி சார்" என்றார். "அரிசியக் கடத்தண்ணியிலதான் களைவோம். கடைசியா ஒருக்க மட்டும் நல்ல தண்ணி. மீன் கழுவ, பாத்திரம் கழுவ எல்லாம் கடத்தண்ணி. நல்ல தண்ணி குடிக்க, பொங்க. கை கழுவ அதைத் தொட்டா வஞ்சிருவேன்."

அடுத்தது நெருப்பு. இன்றைக்கு காஸ் அடுப்பு. அவர் சிறுவனாகக் கடலுக்குப் போன காலத்தில் தகரப் பெட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் விறகு. மரப்படகில் தீ, பக்கத்தில் டீசல். ஒரு பொறி போதும். அடுப்பைச் சுற்றிக் கம்பி அடித்திருப்பார்கள், பானை நகராமல் இருக்க. பானையை முக்கால் வரை நிரப்பக் கூடாது, பாதிதான். படகு சாயும்போது கொதிக்கிற கஞ்சி யார் காலில் விழும் என்று சொல்ல முடியாது. கடல் ரொம்ப ஆடினால் அடுப்பே கிடையாது. முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததுதான் சாப்பாடு.

அப்புறம் கணக்கு. கறிகாயில் தக்காளியும் கீரையும் முதலில் அழுகும். அதனால் அவற்றை முதலில் தீர்க்க வேண்டும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கடைசி வரை வரும். தேங்காய் அரைத்த கறி அன்றைக்கே தீர வேண்டும். புளிக்கறி மறுநாளும் நிற்கும்.

"நல்ல மீனா பாத்துக் கறி வைப்பீங்க, இல்லையா?" என்று நாக்கில் எச்சில் ஊறக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நல்ல மீனு ஐசுக்குப் போகும் சார். விலைக்குப் போகாததுதான் கறிக்கு."

நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் தவிர வேறு எதுவும் முழுசாக மனசில் தங்கவில்லை. ஆனாலும் அவர் பேசப் பேச ஒரு கணக்குப் போட்டேன். பத்துப் பேர், முப்பது நாள், மூன்று வேளை. தொள்ளாயிரம் சாப்பாடு! ஒரு நடுத்தரக் கல்யாணத்துப் பந்தி அது. கடை கிடையாது, கடன் வாங்கப் பக்கத்து வீடு கிடையாது, ஆடாத தரையும் கிடையாது. நடுவில் ஒரு சாமான் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இந்த மாதிரி ஸ்டாக் லெட்ஜரை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

"சமையலுக்குன்னு தனிப் பங்கு உண்டா?"

"அதெல்லாம் இல்ல. பொங்கி வெச்சிட்டு நானும் தூண்டிலுக்கு நிக்கணும்" என்றார்.

பழைய கப்பல்களில் சமையல்காரருக்குப் பண்டாரி என்று தனிப் பெயரே இருந்தது. இவர் படகில் வேலை மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை.

தண்ணீர், நெருப்பு, ஆட்டம், கணக்கு. நான்கும் சேர்ந்ததுதான் படகுச் சமையல். கடலைப் பற்றி எழுதுகிறவர் படகை உள்ளே போய்ப் பார்த்தவரா, கரையில் நின்று பார்த்தவரா என்று தெரிய வேண்டுமா? இந்த நான்கில் ஒன்றாவது அவர் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதுதான் என் அளவுகோல்.

*

வெளியூர்க்காரர்களை முதலில் பார்ப்போம்.

படகுச் சமையல் என்றால் உலகம் முழுக்க நினைவுக்கு வருவது ஜெரோம் கே. ஜெரோம் 1889-ல் எழுதிய 'ஒரு படகில் மூன்று மனிதர்கள்'. மூன்று சோம்பேறி நண்பர்கள், ஒரு நாய், தேம்ஸ் நதி. ஓரிடத்தில் ஸ்டூ வைக்கிறார்கள். உருளைக்கிழங்கைச் சீவச் சீவ அது வேர்க்கடலை சைஸுக்கு வந்துவிடுகிறது. அப்புறம் கூடையில் மிச்சம் மீதி இருப்பதையெல்லாம் பானையில் கொட்டுகிறார்கள். நாயும் தன் பங்குக்குச் செத்த எலி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கிறது. அதைப் போடலாமா வேண்டாமா என்று விவாதம் வேறு!

சிரித்து முடித்த பிறகு யோசித்துப் பாருங்கள். அந்த ஆள் படகில் சமைத்துக் கஷ்டப்படாமல் இதை எழுதியிருக்க முடியாது. எரிபொருள் எண்ணெய் படகு முழுக்கக் கசிந்து, சாப்பாடு, காற்று, நதி எல்லாமே அதே வாடை அடித்ததை எழுதுகிறார். டின் திறப்பானை மறந்துவிட்டு, அன்னாசிப்பழ டின்னோடு மூன்று பேரும் மல்யுத்தம் நடத்துவதை எழுதுகிறார். ஒரு சாமானை மறந்தால் திரும்பிப் போய் எடுக்க முடியாது என்ற உண்மைதான் அந்தக் காமெடியின் அஸ்திவாரம். அவர்களுக்கு அது பிக்னிக். பட்டினி கிடந்தால் அடுத்த ஊரில் ஓட்டல் இருக்கிறது. அதனால் சிரிக்க முடிகிறது. இருந்தாலும் பாஸ்.

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' 1952-ல் வந்தது. கிழவனின் படகில் அடுப்பே இல்லை. ஒரு பாட்டில் தண்ணீர். பிடித்த மீனைப் பச்சையாகக் கீறித் தின்கிறான். ருசிக்காக இல்லை, மரத்துப்போன கைக்குத் தெம்பு வேண்டும் என்று தின்கிறான். உப்பும் எலுமிச்சையும் கொண்டு வந்திருக்கலாமே என்று வருந்துகிறான். அப்புறம் ஒரு யோசனை வருகிறது: காலையிலிருந்து படகின் முனையில் கடல்நீரைத் தெளித்துக் காயவிட்டிருந்தால் உப்பு கிடைத்திருக்குமே! சுற்றிலும் உப்பு, ஆனால் நாக்குக்கு உப்பில்லை. நாவலைப் பற்றி எத்தனையோ தத்துவம் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கிழவனை நம்ப வைத்தது இந்த உப்புதான்.

யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நமக்குக் கொஞ்சம் நெருக்கம். பையன் புதுச்சேரிக்காரன். புத்தகம் 2001-ல் வந்து மறு வருஷம் புக்கர் பரிசு வாங்கியது. ஆங் லீயின் படம் 2012-ல். 227 நாள் உயிர்காக்கும் படகில், புலியோடு. சுத்த சைவப் பையன் முதல் மீனைக் கொல்லும்போது அழுகிறான். அப்புறம் ஆமை வரை போகிறான். கடல்நீரை வெயிலில் ஆவியாக்கிக் குடிநீராக மாற்றும் கருவியை அவன் ஒரு மாட்டைப் போலப் பார்த்துக்கொள்கிறான். கடைசியில் அவன் சொல்லும் இன்னொரு கதை ஞாபகமிருக்கிறதா? அதில் புலி கிடையாது. அந்தப் படகில் கப்பலின் சமையல்காரன் இருக்கிறான். சோறு போட வேண்டிய கை அங்கே கொலை செய்கிறது. பானை காலியானால் மனிதன் என்ன ஆவான் என்பதை அந்த ஒரு மாற்றத்தில் சொல்லிவிட்டார். தாராளமாக பாஸ்.

*

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

நம்மிடம் விஷயம் இல்லாமல் இல்லை. உப்பை விற்று நெல்லோடு திரும்பி வந்த படகுகளைப் பட்டினப்பாலையே சொல்கிறது. நெல்லும் உப்பும்! பாதிச் சமையல் அங்கேயே ஆகிவிட்டது. ஈராயிரம் வருஷ ஸ்டாக் நம் கையில் இருக்கிறது.

சினிமாவை எடுங்கள். 1964-ல் 'படகோட்டி'. அடுத்த வருஷம் மலையாளத்தில் 'செம்மீன்'. 2013-ல் ஒரே வருஷத்தில் 'கடல்', 'மரியான்'. இந்தப் படங்களில் படகு வருகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்குப் பாட்டு வருகிறது, துடுப்பு வருகிறது, கரையில் காத்திருக்கும் பெண் வருகிறாள், பொங்கும் அலை வருகிறது. ஒரு தண்ணீர் டிரம் வரவில்லை. ஓர் அடுப்பும் வரவில்லை.

இது வெறும் விடுபடல் இல்லை. 'செம்மீன்' கதையின் அச்சாணியே ஒரு நம்பிக்கைதான். கரையில் மனைவி கற்போடு இருந்தால் கடலில் கணவன் பத்திரமாக இருப்பான். தகழியின் நாவலும் ராமு காரியாட்டின் படமும் பெரிய படைப்புகள்தான், சந்தேகமே இல்லை. ஆனால், அந்த நம்பிக்கையின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். கடலுக்குப் போனவன் திரும்பவில்லையா? கரையில் இருக்கும் பெண் மேல் பழியைப் போடு. கணக்கு முடிந்தது! படகில் எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருந்தது, அரிசி இருந்தது, ரேடியோ எத்தனை தூரம் எட்டியது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய நாள் ஒன்று வந்தது. 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப் போட்டபோது, பல நாள் தங்கலுக்குப் போன படகுகள் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தன. எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. பிழைத்தவர்களின் படகுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரா, குஜராத் என்று ஒதுங்கின. அலையில் தப்பிய பிறகு நாள் கணக்கில் உயிரைப் பிடித்து வைக்க வேண்டியது எது? படகில் மிச்சமிருக்கும் தண்ணீரும் அரிசியும்தான். "கை கழுவ அதைத் தொட்டா வஞ்சிருவேன்" என்று அவர் சொன்னதன் கனம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வசவு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

இலக்கியம் சினிமாவை விடப் பரவாயில்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-ல் வந்தது. வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கிற பகையை அவ்வளவு மெல்லிய குரலில் சொன்ன நாவல் வேறில்லை. ஆனால், அதன் உயிர் கரையில் இருக்கிறது, வீட்டுக்குள் இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்; அது எடுத்துக்கொண்ட இடம் அது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் புயல் வரும் அத்தியாயத்தைப் படித்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். அடுத்த தடவை படிக்கும்போது அலையை விட்டுவிட்டு, அந்தப் படகில் இருப்பவர்களின் வயிற்றைத் தேடிப் படியுங்கள். வேறு நாவல் தெரியும்.

உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 2004-ல் 'ஆழி சூழ் உலகு' கொண்டுவந்தார். கட்டுமரத்தோடு கடலில் மாட்டிக்கொண்ட மூன்று பேர். கட்டுமரத்தில் அடுப்புக்கு இடமே கிடையாது. அலை மேலேயே ஏறி இறங்கும். எடுத்துப் போனதுதான் உணவு, அது தீர்ந்தால் பசியும் தாகமும். கரையில் மூன்று தலைமுறை வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்க, நடுவே நடுவே அந்த மூன்று பேரின் தொண்டை வறட்சி வந்து நம்மைக் குத்துகிறது. பானை இல்லாமையே அங்கே கதை. அடுத்து 2009-ல் தூத்துக்குடித் தோணித் தொழிலை வைத்து 'கொற்கை' எழுதி, 2013-ல் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கினார். படகை உள்ளேயிருந்து பார்த்தவர் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி. ஆனால், அளவுகோலை எடுத்தால் இப்படி ஒன்றிரண்டு பேர்தான் தேறுகிறார்கள் என்பதே என் மனக்குறை. ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாநிலத்துக்கு இது போதுமா?

*

'இதெல்லாம் பழைய கதை சார், யூடியூபைப் பாருங்க' என்கிறீர்களா? பார்த்தேன். ராத்திரி இரண்டு மணி வரை பார்த்தேன். மனைவி எழுந்து வந்து, "பசிக்குதா?" என்று கேட்கும் அளவுக்குப் பார்த்தேன்.

'உங்கள் மீனவன் மூக்கையூர்', 'தூத்துக்குடி மீனவன்' என்று மீனவர்களே நடத்தும் சேனல்கள் இருக்கின்றன. யாரும் வந்து தங்களைப் படம் எடுப்பார்கள் என்று காத்திருக்காமல், தாங்களே கேமராவைத் தூக்கிக்கொண்டார்கள். வலை இழுப்பதைக் காட்டுகிறார்கள், மீன் பெயர் சொல்கிறார்கள், படகிலேயே சமைத்துச் சாப்பிடுவதையும் காட்டுகிறார்கள். சினிமா அறுபது வருஷமாகக் காட்டாத அடுப்பை இவர்கள் காட்டிவிட்டார்கள். எழுந்து நின்று கைதட்ட வேண்டிய விஷயம்.

ஆனால், ஓர் உறுத்தல். இந்த வகை வீடியோக்களைத் தொடர்ந்து பார்த்தால் படகுச் சமையல் என்பது தினம் தினம் விருந்து என்று தோன்றிவிடும். பெரிய நண்டு, பெரிய இறால், தளதளவென்று சிவப்புக் குழம்பு. கடல் எப்போதும் குளம் மாதிரி இருக்கிறது. தண்ணீரை அளந்து ஊற்றும் கை தெரிவதில்லை. டீசல் வாடையைக் கேமராவால் பிடிக்க முடியாது, சரி. அடுப்புப் பற்ற வைக்க முடியாமல் பழைய சோறு தின்ற நாளைப் பிடிக்கலாமே? அதற்கு லைக் விழாது. நல்ல மீன் ஐசுக்கு, விலை போகாத மீன் கறிக்கு என்றார் அவர். வீடியோவில் நல்ல மீன்தான் கறிக்கு வருகிறது. ஏனென்றால் அந்த மீனுக்கு இப்போது சந்தையை விடத் திரையில் மதிப்பு அதிகம்! வணிகவியல் மாணவனுக்கு இது புரிகிறது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பார்க்கிற நாம்தான் வேலையைத் தள்ளிவிட்டு விருந்தைக் கேட்கிறோம்.

சினிமா பானையை ஒளித்தது. வீடியோ பானையை மட்டும் காட்டுகிறது. நடுவில் அந்த ஐம்பத்தைந்து வயதுக்காரர் காணாமல் போகிறார்.

*

தென்காசி மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. நமக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்கலாம். அந்தச் சமையல்காரர் கிளம்பும்போது ஒன்று சொன்னார்.

"இங்க அருவி நல்லா விழுந்தா, அங்க கடல் நல்லா இல்லேன்னு அர்த்தம் சார்."

யோசித்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஒன்றுதான். அரபிக்கடலைக் கொந்தளிக்க வைத்து, மலையில் மோதி, மழையாகக் கொட்டி, மிச்சத்தைச் செங்கோட்டைக் கணவாய் வழியாக நமக்குச் சாரலாக அனுப்பி வைக்கிறது. நாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கீழே தலையைக் கொடுக்கிற அதே இரண்டு மாதம், மலைக்கு அந்தப் பக்கம் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. அந்த அடுப்புகள் அணைந்திருக்கின்றன. ஆகஸ்டு பிறந்தால் அரிசி மூட்டையும் தண்ணீரும் ஏறும். நம் தென்காசி மார்க்கெட்டுக்கும் மீன் வரும். விலை அதிகம் என்று நாமும் பேரம் பேசுவோம்.

வெண்ணமடைக் குளத்தில் கேள்வி கேட்ட அந்தக் குழந்தையை அப்புறம் நான் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லியிருப்பேன்: பரோட்டா பார்சல் இல்லம்மா. ஒரு தாத்தா கடல் தண்ணியில அரிசி களைஞ்சு, நல்ல தண்ணியை அளந்து ஊத்தி, பாதிப் பானைக்குச் சோறு பொங்குறார். பொங்கி வெச்சிட்டுத் தூண்டில் போடப் போறார்.

இனி கடல் படம் ஏதாவது வந்தால், நான் முதலில் தண்ணீர் டிரம்மைத் தேடப் போகிறேன். நீங்களும் தேடுங்கள். கிடைத்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.